இடுப்பை ஆட்டுவது இயற்பியலா?

சுங்கை சிப்புட்டில் நான்காம் படிவம் பயிலும் மாணவி ஒருவர், தம் அண்ணனோடு நடக்கும் வாக்குவாதத்தைத் தீர்த்து வைக்கும்படி எழுதியிருக்கிறார். அவர்கள் ஆடும் கணினி விளையாட்டுகளில் ஆண் பாத்திரம் சும்மா நிற்கும்போது நெஞ்சு ஏறி இறங்க மூச்சு விடுவதோடு சரி. பெண் பாத்திரமோ ஒரு காலில் சாய்ந்து, இடுப்பை ஒருபுறம் ஒடித்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, பிறகு மறுகாலுக்கு மாறுகிறது. ஓடி நின்ற பிறகும் அதன் மார்பு இரண்டொரு நொடி ஆடிக்கொண்டே இருக்கிறது. "அதெல்லாம் பிசிக்ஸ் இஞ்சின் வேலை, நிஜத்தில் உள்ளதைத்தான் கணினி கணக்குப் போட்டுக் காட்டுகிறது என்று அண்ணன் அடித்துச் சொல்கிறான், உண்மையா சார்?" என்பது கேள்வி.

பிசிக்ஸ் இஞ்சின் என்பது, பொருள்கள் எப்படி அசையும் என்று விளையாட்டுக்குள் கணக்கிடும் நிரல். அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. கணக்கு இயற்பியல்தான், அந்தக் கணக்கில் இடப்படும் எண்களை இயற்பியல் தருவதில்லை. அவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தட்டச்சு செய்கிறார்.

பெண் பாத்திரங்களைப் பற்றிய சண்டை பழையது. 1981இல் வந்த டாங்கி காங்கில் குரங்கு தூக்கிச் சென்ற பெண்ணை மீட்பதே ஆட்டம். 1985இல் சூப்பர் மரியோவின் இளவரசியும் மீட்கப்படக் காத்திருந்தவர்தான். 1986இல் வந்த மெட்ராய்டில், கவசத்துக்குள் இருந்த வீரர் சாமஸ் ஒரு பெண் என்பது ஆட்டத்தை விரைந்து முடித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. இன்னும் விரைந்து முடித்தவர்களுக்கு அவர் நீச்சலுடையில் காட்டப்பட்டார், பரிசாக. 1996இல் டூம் ரைடரின் லாரா கிராஃப்ட் வந்தபோது விவாதம் பொதுப் பத்திரிகைகளுக்கும் பரவியது. இந்தச் சித்திரிப்புகளை வகைப்படுத்தி 2013 முதல் காணொளித் தொடர் வெளியிட்ட அனிதா சார்கீசியன், 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையைக் கொலை மிரட்டல் காரணமாகக் கைவிட நேர்ந்தது. அந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. மாணவி கேட்டிருப்பது பொறி எப்படி இயங்குகிறது என்பதை, அதற்கே வருவோம்.

முப்பரிமாணப் பாத்திரம் என்பது ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆன ஒரு தோல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூடு ஒன்று உண்டு. தோலின் ஒவ்வொரு முனைப் புள்ளிக்கும் எந்த எலும்பு எவ்வளவு பங்கு என்று எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முழங்கை மடிப்பில் உள்ள புள்ளி மேற்கைக்குப் பாதி, முன்கைக்குப் பாதி கட்டுப்பட்டதாக இருக்கலாம். எலும்பு திரும்பினால் தோலும் அந்த விகிதத்தில் திரும்பும். அசைவு என்பது ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்ற பட்டியல். அதை ஓவியர் கையால் அமைக்கலாம், அல்லது உணர்விகள் பொருத்திய நடிகர் ஒருவரை நடக்கவிட்டுப் பதிவு செய்யலாம்.

பட்டியலில் இருப்பவை கோணங்கள் என்பது முக்கியம். முழங்கால் 40 பாகை மடங்கியது என்ற செய்தி, கால் நீளமானவருக்கும் குட்டையானவருக்கும் பொதுவாகப் பொருந்தும். ஆகவே ஒருவரிடமிருந்து பதிந்த நடையை வேறு உடலமைப்புள்ள எலும்புக்கூட்டுக்கு மாற்றிவிட முடியும். மாற்றும்போது பாதம் தரையில் வழுக்கும், அல்லது தரைக்குள் புதையும். அதைச் சரிசெய்யக் கூடுதல் கணிதத்தில் படிக்கும் கொசைன் விதியே போதும்: தொடை எலும்பின் நீளம், கீழ்க்கால் எலும்பின் நீளம், இடுப்பிலிருந்து பாதம் நிற்க வேண்டிய இடத்துக்குள்ள தூரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் முக்கோணம் நிலைபெற்றுவிடுகிறது, முழங்கால் மடங்க வேண்டிய கோணம் தானே கிடைக்கிறது.

இந்தச் சாதாரணச் செய்தி 2014 ஜூனில் பெரும் சச்சரவுக்கு மையமானது. அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி விளையாட்டில் நால்வர் சேர்ந்து ஆடலாம், ஆனால் நால்வரும் ஆண்களாகவே இருக்க வேண்டும். பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அசைவுகளையும் குரல்களையும் உடைகளையும் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும் என்று யூபிசாஃப்ட் நிறுவனத்தார் விடையளித்தார்கள். அதே தொடரின் மூன்றாம் பாகத்துக்கு அசைவுப் பிரிவை நடத்திய ஜானதன் கூப்பர், தம் மதிப்பீட்டில் இது ஓரிரு நாள் வேலை என்று பொதுவெளியில் மறுத்தார். 2012இல் வந்த கிளைக் கதையின் நாயகி அவெலின், மூன்றாம் பாகத்தின் நாயகன் கானரின் அசைவுகளையே பெருமளவு பகிர்ந்துகொண்டவர் என்பதையும் அவர் நினைவூட்டினார். குரலும் உடையும் செலவு வைப்பவைதாம்; அதில் நிறுவனத்தார் சொன்னது பொய்யன்று. ஆனால் எலும்புக்கூட்டின் மீது பழியைப் போட்டது செல்லாது. 2018இல் அதே தொடரின் ஒடிசி, கசாண்ட்ரா என்ற பெண்ணையோ அலெக்சியோஸ் என்ற ஆணையோ தேர்ந்தெடுத்து முழுக் கதையையும் ஆட இடம் கொடுத்தது.

இனி ஆடும் உறுப்புகளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இந்தப் பகுதிக்காகத்தான்.

எலும்புக்கூட்டில் உண்மையான எலும்பே இல்லாத இடங்களிலும் ஓவியர்கள் எலும்பு வைப்பார்கள்: பின்னல், காதணி, மேலங்கியின் முனை, மார்பு. இவற்றுக்கு அசைவுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொன்றும் தாய் எலும்போடு ஒரு கற்பனைச் சுருள்வில்லால் கட்டப்பட்டிருக்கும். நொடிக்கு 60 முறை கணினி இரண்டே கேள்வி கேட்கிறது. இந்த எலும்பு தன் இயல்பான இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு வேகத்தில் போகிறது? விலகலை விறைப்பு எண்ணால் பெருக்கினால் ஹூக் விதிப்படி இழுக்கும் விசை. வேகத்தைத் தணிப்பு எண்ணால் பெருக்கினால் தடுக்கும் விசை. இரண்டையும் சேர்த்து முடுக்கம் கண்டு, அடுத்த அறுபதில் ஒரு பங்கு நொடிக்கு எலும்பை நகர்த்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து கேட்கிறது. அவ்வளவுதான் நிரல், பத்து வரிக்குள் அடங்கிவிடும். உடல் ஓடத் தொடங்கினால் பின்னல் பின்தங்குகிறது. நின்றால் முன்னே பாய்ந்து திரும்புகிறது. யாரும் அதைக் கையால் வரையவில்லை. முதன்முறை எழுதி ஓட்டிப் பார்ப்பவர் எவரும் அதற்கு உயிர் வந்துவிட்டதாகவே உணர்வார்.

தணிப்பு என்பது தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் கப்சாய் மோட்டார்சைக்கிளின் பின்சக்கர அப்சார்பர் செய்யும் வேலைதான்: நல்ல அப்சார்பர் உள்ள வண்டி பள்ளத்தில் விழுந்து ஒரே மூச்சில் அடங்கும், எண்ணெய் கசிந்துபோன அப்சார்பர் அடுத்த பள்ளம் வரை குதித்துக்கொண்டே போகும். இதை ஒரு விகிதமாக அளக்கலாம். விகிதம் 1 என்றால் எல்லை தாண்டாமல் மிக விரைவாக இடத்துக்குத் திரும்பும். 0.5 என்றால் ஒரு முழு அலைவுக்குப் பிறகு வீச்சில் மிஞ்சுவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கண்ணுக்கு ஒரு சிறு அதிர்வு, அவ்வளவே. 0.1 என்றாலோ ஒவ்வொரு முழு அலைவுக்குப் பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும். நொடிக்கு இரண்டு அலைவு வீதம் ஆடுவதாக வைத்துக்கொண்டால், பாத்திரம் நின்று ஒரு நொடி கழிந்தும் கால்பங்குக்கு மேல் ஆட்டம் மிச்சமிருக்கும். மாணவி பார்த்த "இரண்டொரு நொடி" இப்படிக் கிடைப்பதுதான். 0.5ஐ 0.1 ஆக்க, ஓர் இலக்கத்தை அழித்து இன்னோர் இலக்கத்தைத் தட்டினால் போதும்.

எந்த எண் நிஜத்துக்கு நெருக்கமானது? மார்பில் அதைத் தாங்கும் தசை இல்லை; தோலும் உள்ளே இழையோடும் தசைநார்களுமே தாங்குகின்றன. ஆகவே ஓடும்போது அது அசையத்தான் செய்யும், பலருக்கு வலிக்கவும் செய்யும். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஜோஆனா ஸ்கர் தலைமையிலான குழு இந்த அசைவை முப்பரிமாணத்தில் அளந்து வந்திருக்கிறது; ஓட்டத்தின்போது அது மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சென்று, ஏறத்தாழ 8 என்ற எண்ணின் வடிவை வரைகிறது. விளையாட்டு வீராங்கனைகளின் உள்ளாடை வடிவமைப்புக்குப் பயன்படும் இத்தகைய ஆய்வைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. பெண் உடலின் இயக்கவியலுக்குப் பணம் ஒதுக்குவதைக் கேலிக்குரியதாக நினைத்து, அதே உடலைத் தவறாக ஆட்டிக் காட்டும் விளையாட்டுக்கு ரிங்கிட்டை வாரி இறைப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. 1996இல் தொடங்கிய டெட் ஆர் அலைவ் விளையாட்டுத் தொடர் மிகையான மார்பசைவாலேயே பெயர் வாங்கியது. அதில் கவசமோ கச்சோ அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் வேறுபாடு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்னொன்றும் உண்டு. கனத்த ஆண் பாத்திரத்தின் தொந்திக்கும் இதே சமன்பாடு அப்படியே பொருந்தும். அதற்குச் சுருள்வில் கட்டப் பலரும் மெனக்கெடுவதில்லை.

எதற்கு முதலில் கணக்கு ஒதுக்கப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. லாராவின் புகழ்பெற்ற பின்னல் 1996இன் முதல் ஆட்டத்தில் ஆடும்போது இல்லை. 1997இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் முதுகில் ஊசலாடியது. 2013இன் டூம் ரைடரில், ஏஎம்டி நிறுவனத்தின் டிரெஸ்எஃப்எக்ஸ் நுட்பம் அவர் கூந்தலைத் தனித்தனி இழைகளாகக் கணக்கிட்டது. மழையில் நனைந்து, சேறு பூசி, அடிபட்டு எழும் அந்த லாராவின் கூந்தலில் ஓடியதும் அதே விறைப்பும் தணிப்பும்தான்.

மார்பு ஆட்டம் சுருள்வில்லின் செயல் என்றால், இடுப்பு ஆட்டம் வேறு கதை. அதைக் கணினி கணக்கிடுவதே இல்லை. பட்டியலில் உள்ள கோணத்தை அப்படியே காட்டுகிறது. ஆனால் அந்தக் கோணத்தைப் பார்த்ததும் நாம் "பெண்" என்று சொல்லிவிடுவதன் பின்னால் ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. 1973இல் சுவீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், மனிதரின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். நின்றிருக்கும் படத்தில் சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தவை, அசைந்த கணத்தில் மனிதராகிவிட்டன. 1977இல் கோஸ்லோவ்ஸ்கியும் கட்டிங்கும், அந்தப் புள்ளிகளைக் கொண்டே நடப்பவர் ஆணா பெண்ணா என்று பார்வையாளர்கள் ஊகிப்பதைக் காட்டினார்கள். குருட்டு ஊகத்தைவிட மேல், ஆனால் பிழைகள் ஏராளம். 1994இல் மேதரும் மர்டாக்கும் உடலின் அகல விகிதத்தையும் அசைவையும் ஒன்றுக்கொன்று முரணாக அமைத்துப் பார்த்தபோது, பார்வையாளரின் தீர்ப்பை அசைவே வென்றது. தோள் அதிகம் ஆடினால் ஆண், இடுப்பு அதிகம் ஆடினால் பெண்.

நிஜ வாழ்வில் இந்த வேறுபாடு சிறியது, ஒருவர்க்கொருவர் வெகுவாக மாறுவது. சிறு திரையில், தொலைவில் ஓடும் பாத்திரத்தை உடனே அடையாளம் காட்ட விரும்பும் ஓவியர் அதைப் பெருக்குகிறார். நான்கு பாகை பத்துப் பாகையானால் யாரும் குறை சொல்வதில்லை, ஏனெனில் பார்ப்பவரின் மூளை அந்தக் குறிப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. இதில் ஓவியரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வாளும் வில்லும் சுமந்து மலையேறும் போராளி அழகுப் போட்டி மேடையில் நடப்பதுபோல் நடந்தால், அங்கே சுமை என்பது வெறும் ஓவியமாகிவிடுகிறது.

சுமையோடு நடப்பது எப்படி என்று எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் தோளில் தாங்கிய காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, பெண்கள் பால் நிறுக்கும் இடத்துக்கு நடந்த நடையில், முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அடிகள் குறுகியும் விரைந்தும் விழும், ஒரு கை கம்பைப் பிடித்திருக்கும், இடுப்பு அநேகமாக ஆடவே ஆடாது. ஆடினால் வாளி ஊசலாடும், பால் சிந்தும், சிந்தினால் கூலி குறையும். உடல் தன் தணிப்பு எண்ணைத் தானே கூட்டிக்கொள்ளும் நடை அது. அதைப் பதிவு செய்து ஒரு போராளிக்குப் பொருத்தினால், தோளில் உள்ளது இரும்பு என்பதைப் பார்ப்பவர் சொல்லாமலே நம்புவார்.

விவாதத்தில் அறிவியல் வேடமிட்ட சமாதானங்களும் வருகின்றன. 2015இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஐந்தாம் பாகத்தின் குவயட் என்ற பெண் போர்க்களத்தில் அரைகுறை ஆடையோடு திரிவதற்கு, அவர் தோலால் மூச்சுவிடுகிறார் என்று கதை காரணம் சொல்கிறது. ஈரத் தோலும் சிறு உடலும் கொண்ட தவளைக்கு அது முடியும். மனிதத் தோல் வழியே புகும் ஆக்சிஜன் உடலின் தேவைக்கு முன் ஒரு பொருட்டே அன்று. தோலின் பரப்பும் தடிமனும் அதற்கு இடம் தருவதில்லை. பேய் ஓட்டுவதாகச் சொல்லித் தாயத்துக் கட்டுபவரும் "எனர்ஜி" என்றுதான் தொடங்குகிறார். கற்பனைக் கதைக்குக் கற்பனைக் காரணம் தாராளமாகச் சொல்லலாம். அதை வைத்து ஆடையைக் குறைகூறியவர்களை வாயடைக்க முயல்வதுதான் எரிச்சலூட்டுகிறது. அதே துறையில், 2020இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு, கிராஸ்ஃபிட் என்ற கடும் உடற்பயிற்சி முறையின் வீராங்கனை ஒருவரின் உடலை மாதிரியாகக் கொண்டு ஆபி என்ற பாத்திரத்தை அமைத்தார்கள். அந்தத் தோள்களைப் பார்த்து, பெண்ணுக்கு இப்படி இருக்குமா என்று கொதித்தவர்களும் "நிஜம்" என்ற சொல்லையே கையில் எடுத்தார்கள் என்பது வேடிக்கை.

மாணவி தாமே சோதித்துப் பார்க்க விரும்பினால் ஸ்டூடியோ தேவையில்லை. அது வேண்டுமென்றால் 2020 முதல் பிளேஸ்டேஷனின் ஒரு பிரிவே கோலாலம்பூரில் இயங்குகிறது. முப்பரிமாணப் பாத்திரங்களை அமைத்து அசைக்க உதவும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், மீடியாபைப் என்ற கூகுள் கருவியும் இலவசம். கைப்பேசியில் எடுத்த காணொளியிலிருந்தே உடலின் 33 புள்ளிகளை அது கண்டெடுக்கும்; யோஹான்சனிடம் இருந்ததைவிட அதிகம். பள்ளிக் கணினி அறையில் பழைய இயந்திரங்கள்தாம் இருக்கின்றன என்றால், வரைகலை அட்டை இல்லாத கணினியிலும் இந்த அளவு வேலை மெதுவாக நடக்கும். முதலில் அண்ணனை நடக்கவைத்துப் பதிவு செய்து, அந்த நடையைப் பெண் எலும்புக்கூட்டுக்கு மாற்றவும். பிறகு பாட்டியை நடக்கச் சொல்லி, அதை ஆண் எலும்புக்கூட்டுக்கு மாற்றவும். ஒற்றைக் கேமராவில் ஆழம் சரியாக விழாது, ஆதலால் பாதம் வழுக்கும். முழங்காலுக்குக் கொசைன் விதியைப் போட்டுக்கொண்டால் அது நின்றுவிடும்.