நின்றுபோன காரின் சாவியைத் திருப்புவதற்கு முன்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயின் பத்தாண்டு முடிந்து, மேலும் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ பணம் கட்டிப் புதுப்பித்த காரை, உரிமையாளர் வேலை நிமித்தம் வெளிநாடு செல்லும்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார். அவர் திரும்புவதற்கு முந்தைய நாள், தம்பியோ மகனோ பக்கத்துக் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட்டர் சூடேறும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் இழுவை வண்டியை அழைக்கிறார். எங்கள் பட்டறைக்கு இப்படி வந்து சேரும் கார்களைக் கண்டு அலுத்துவிட்டது. அண்மையில் வந்த ஒன்றின் டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் வாடைதான் வந்தது. "அண்ணே, இன்ஜெக்டர்தான் அடைச்சிருக்கும். ஒரு பாட்டில் கிளீனர் ஊத்தியிருக்கேன், இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தா சரியாயிடும்ல?" என்று காரைக் கொண்டுவந்த இளைஞர் கேட்டார். இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் சிறு வால்வைத்தான் இன்ஜெக்டர் என்கிறோம். டேங்கைக் காலி செய்து ஃபில்டரை மாற்றியதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பம்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றும் வேலையாக வளர்ந்துவிட்டது.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நம்பிக்கை கெடுத்த அளவுக்குத் துரு கூடக் கார்களைக் கெடுத்ததில்லை. இன்ஜெக்டர் கிளீனர் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் காரில், ஏறக்குறைய முழு டேங்க் புதிய பெட்ரோலில் கலந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில் மெல்ல மெல்லப் படிவுகளைக் கரைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். அது வேலை செய்ய வேண்டுமானால் இன்ஜெக்டர் வழியாகப் பாய வேண்டும். வழியைத் திறந்து மூடும் ஊசி ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுக்கும் இன்ஜெக்டருக்குள் எது பாயும்? அந்த ஊசி திறக்கும்போது உயரும் அளவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பிசின்போல் இறுகிய பழைய பெட்ரோல் மிகச் சிறிதளவு இருந்தாலே அதைப் பிடித்து நிறுத்திவிடும். அடிப்பிடித்த பாத்திரத்தின் மூடிமேல் சோப்புத் தண்ணீர் ஊற்றுவதும் இதுவும் ஒன்றே. அதைவிட மோசம், அந்தத் திரவம் டேங்கின் அடியில் அமைதியாகக் கிடந்த கசடைத் தளர்த்திவிடுகிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது ஒரு வலைப்பை மட்டுமே. முறையான ஃபில்டர் பம்பைத் தாண்டித்தான் வருகிறது. ஆகவே தளர்ந்த கசடும் துருத்தூளும் முதலில் தாக்குவது பம்பைத்தான். பெட்ரோலாலேயே குளிர்ந்து, பெட்ரோலாலேயே உயவு பெறும் அந்தப் பம்ப், அடைபட்ட வலைப்பை வழியாக உறிஞ்ச முடியாமல் சூடேறி இறுகிவிடுகிறது.

எனவே நான் சொல்ல விரும்புவது ஒன்றே: நீண்ட காலம் நின்ற காரில் கோளாறு டேங்கில் தொடங்குகிறது, இன்ஜெக்டர் அதன் கடைசி நிறுத்தம். டேங்கைப் பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள். பழைய காரில் சாவியை இயக்க நிலைக்குக் கொண்டுவந்த உடனேயே பம்ப் ஓரிரு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும் என்பதால், "ஸ்டார்ட் பண்ணலை, சும்மா சாவியைப் போட்டுப் பார்த்தேன்" என்பதும் சமாதானம் ஆகாது.

நம் ஊரின் ஈரப்பதம் இதில் சேர்ந்துகொள்கிறது. பாதி காலியாக நின்ற டேங்கில் காற்றிலுள்ள ஈரம் நீராகிப் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். இரும்பு டேங்க் என்றால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். ஜோகூருக்குப் போகும்போது டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதியை ஒருநாளும் மறக்காதவர்கள், காரை ஓராண்டுக்கு நிறுத்தும்போது மட்டும் கடைசிச் சொட்டுவரை ஓட்டித் தீர்த்துவிட்டு நிறுத்துவது எனக்கு இன்றுவரை விளங்காத சிக்கனம்.

பட்டறையில் நாங்கள் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கட்டணச் சீட்டைப் பார்த்து வியக்காமல் இருப்பதற்காக. பழைய பெட்ரோலை வெளியேற்றி, வலைப்பையையும் ஃபில்டரையும் மாற்றி, புதிய பெட்ரோல் ஊற்றிய பிறகே மற்றவை. பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிறைந்திருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி தடுமாறி, இன்ஜெக்டர் பழுதுபோலவே நடிக்கும். அடுத்தது, எரிபொருள் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி. பல பழைய ஜப்பானியக் கார்களில் அழுத்தம் 2.5 முதல் 3 பார் வரை இருக்கும். இன்ஜினை அணைத்த பிறகும் அது சட்டென்று விழக் கூடாது. விழுந்தால் பம்பின் திரும்புதடை வால்வோ, அழுத்தச் சீராக்கியோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். சீராக்கியின் வெற்றிடக் குழாயைக் கழற்றும்போது அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்துவிட்டது. வேறு சோதனை தேவையில்லை.

அழுத்தம் சரியாக இருந்தால்தான் மின்சாரப் பக்கம் போவோம். இன்ஜெக்டர் கம்பிக்கு அதைத் திறக்கும் மின்துடிப்பு வருகிறதா என்று சிறு விளக்கை மாட்டிப் பார்ப்பதும், இன்ஜெக்டருக்குள் உள்ள சுருளின் மின்தடையை அளப்பதும் சில நிமிட வேலை. பெரும்பாலான கார்களில் அது 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். 2 அல்லது 3 ஓம் காட்டும் குறைந்த தடை வகைக்கு யாரும் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டாம், சுருள் எரிந்துவிடும். எலி கடித்த கம்பிகளையும் பச்சை பூத்த எர்த் இணைப்புகளையும் இங்கே நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இத்தனைக்கும் பிறகுதான் இன்ஜெக்டர்களைக் கழற்றி, மீயொலித் தொட்டியில் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் ஒரே அளவு தெளிக்கிறதா என்று மேசையில் அளந்து பார்க்கிறோம். பாட்டிலால் ஆகாததை இந்தத் தொட்டி பெரும்பாலும் செய்துவிடும்.

35 ஆண்டைத் தாண்டிய ஐரோப்பியக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கே-ஜெட்ரானிக் என்ற பழைய இயந்திர வகை எரிபொருள் தெளிப்பு அமைப்பில் இன்ஜெக்டர் மின்சாரத்தால் திறப்பதில்லை, அழுத்தத்தால் திறக்கிறது. அதில் துடிப்பு விளக்கை மாட்டித் தேடுவது வீண். அங்கே முதலில் ஒட்டிக்கொள்வது எரிபொருள் பங்கீட்டுப் பெட்டியின் தண்டு. அதைத் திருப்புளி முனையால் நெம்பியவர்களின் கார்களைச் சரிசெய்வது எனக்கு வருமானம்தான், ஆனாலும் செய்யாதீர்கள்.

காரை நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைப் புதிய பெட்ரோலால் நிரப்பி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் எரிபொருள் நிலைப்படுத்தியைக் கலந்து, அது இன்ஜெக்டர்வரை சென்று சேருமாறு ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும் என்று உறவினரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை. இன்ஜின் முழுச் சூடு அடையாமல் எண்ணெயில் ஈரம்தான் சேரும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே அபராதத்திற்குரிய குற்றமும்கூட. சாவியைக் கொடுப்பதானால், இரு வாரத்துக்கு ஒருமுறை தீவு விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிக் கொடுங்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்ட கார் என்றால், தயவுசெய்து வாகன நிறுத்துமிடத்தில் வைத்து எரிபொருள் குழாயைக் கழற்றாதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நம் வடிகால்களில் பல நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. வெடித்த ரப்பர் குழாயை மாற்றும்போது கார்புரேட்டருக்கு விற்கும் மலிவுக் குழாயை வாங்காமல், இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் குழாயையும் அதற்கேற்ற இறுக்கியையும் கேட்டு வாங்குங்கள். யாராவது ஏற்கெனவே சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஆயில் அளவுக்கோலை உருவி முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்தால் ஓர் இன்ஜெக்டர் திறந்தபடி ஒட்டிக்கொண்டு சிலிண்டருக்குள் ஒழுகியிருக்கக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெயை மாற்றும்வரை அந்த இன்ஜினை ஒரு சுற்றுகூடச் சுழற்றக் கூடாது.