நிரை மாறாத நீர்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று சதைத் துண்டு எடுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். எப்படியும் கருப்பையை எடுக்கத்தான் போகிறார்கள். அப்புறம் ஏன் கண்டிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. சதைத் துண்டு நோய் எது என்று சொல்லும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லாது. உட்படலத்தில் தொடங்கும் கட்டி தசைச் சுவருக்குள் இறங்கும். சுவரில் பாதிக்குள் நின்றால் 1ஏ நிலை, பாதியைத் தொட்டால் 1பி நிலை என்பது நோயின் கட்டங்களைப் பிரிக்கும் 2009 சர்வதேச வகைப்பாடு. பாதியைத் தாண்டினால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடும். கருப்பைக் கழுத்துக்குள் இறங்கியிருந்தால் சத்திரசிகிச்சையின் திட்டமே மாறலாம்.

எம்.ஆர்.ஐ.யின் அடிப்படை தெரிந்ததுதான். நீரிலுள்ள ஹைட்ரஜன் புரோட்டான்கள் 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் வினாடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் தடவை பம்பரமாடும். ரேடியோ அலையால் தட்டினால் சமிக்ஞை தரும். எக்ஸ்ரே கிடையாது. தசைச் சுவரின் உள்ளோரம் கறுப்புப் பட்டையாகத் தெரியும், கட்டி அதை உடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தப் பட்டை மங்கிவிடும். இந்த நோய் வருவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

சரி, அதற்கொரு தந்திரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது.

கொழுந்து மலையில் நிரைக்கு ஒருவராக அக்காமார் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரம். கங்காணி கத்துகிறார்: "நிரை நம்பர் எத்தனையோ அத்தனை நிமிஷம் முன்னுக்குத் தள்ளுங்க!" முதல் நிரை 1 நிமிடம், இருபதாம் நிரை 20. கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல்: "இப்ப நிக்கிற நிரைக்கு எத்தனையோ அத்தனை நிமிஷம் பின்னுக்கு!" நிரை மாறாதவர்களின் கடிகாரங்கள் பழையபடி ஒத்துப்போகும். இடையில் கதைபேசப் பக்கத்து நிரைக்குப் போனவர்களுடையது கலைந்து கிடக்கும்.

அக்காமார் நீர் மூலக்கூறுகள். கங்காணியின் இரண்டு குரல்களும், இடத்துக்கிடம் பலம் மாறும் இரண்டு காந்தத் துடிப்புகள். கடிகாரங்கள் ஒத்தால் சமிக்ஞை பலமாக வரும். கலைந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புற்றுக் கலங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் நடுவே நீருக்கு நகர வழியில்லை. கட்டி பளிச்சென்று தெரிய, சுற்றியுள்ள தசை மங்கிவிடும். நீர் அதிகமுள்ள இடமும் சிலநேரம் ஏமாற்றி மின்னும். அதனால் துடிப்பின் பலத்தை மாற்றி எடுத்து, நகர்வைக் கணக்கிட்ட இன்னொரு படத்தில் அதே இடம் கறுத்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தாலும் கடைசித் தீர்ப்பு, எடுத்த கருப்பையை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான்.

மாதவிடாய் நின்று வருஷக்கணக்கான பிறகு ரத்தம் பட்டால் "உடம்புச் சூடு" என்று தாயத்துக் கட்டி மாதங்களைக் கடத்துகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். ஸ்கேன் அறை வாசலில் அந்தத் தாயத்தையும் கழற்றத்தான் வேண்டும், உலோகம்.

உள்ளே 'டக் டக்' என்று பெரிய சத்தம் கேட்கும், அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். துடிப்புத் தரும் சுருள்கள் அதிர்கிற சத்தம் அது. கங்காணி கத்துகிறார், அவ்வளவுதான்.