ஹீட்டர்ல சில்லுனு காத்து வந்தா மொதல்ல கூலன்ட்டைப் பாருங்க

வண்டி எடுத்து அரை மணி நேரம் ஆச்சு, ஹீட்டர் நாப்பை சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பியாச்சு, ஆனா வென்ட்ல வர்ற காத்து சில்லுனுதான் இருக்கு. இந்தக் கம்ப்ளைன்ட்டோட வர்றவங்கள்ல நெறைய பேரு "அவசரமில்ல, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம், அதுவரைக்கும் ஸ்வெட்டர் போட்டு ஓட்டிக்கிறேன்"னு சொல்றாங்க. அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு பக்குனு இருக்கும், ஏன்னா ஹீட்டர் சூடாகலைங்கறது பல நேரம் ஹீட்டர் பிரச்சனையே கிடையாது, எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம், அதாவது கூலன்ட், கொறையுதுங்கறதுக்கு மொத அறிகுறி அது.

ஹீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இது புரிஞ்சிடும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஹீட்டர் கோர்னு குட்டி ரேடியேட்டர் ஒண்ணு இருக்கு. எஞ்சினைச் சுத்தி சூடாகி வர்ற கூலன்ட் ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா அதுக்குள்ள போயிட்டுத் திரும்பும், ப்ளோயர் அது மேல காத்தை அடிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான பெட்ரோல், டீசல் வண்டியில எஞ்சினோட சூடுதான் நமக்கு வர்ற சூடு. ஹீட்டர் கோர் பல வண்டியில கொஞ்சம் ஒசரத்துல இருக்கறதால கூலன்ட் கொறைஞ்சா காத்து போய் மொதல்ல அங்கதான் அடைச்சுக்கும்.

சமீபத்துல ஒரு வண்டி வந்துச்சு. சிக்னல்ல நின்னா காத்து சில்லுனு வருது, வேகமா போனா லேசா சூடாகுது, டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, ரிசர்வ் பாட்டில்ல லெவலும் கரெக்டா இருக்குன்னாரு ஓனர். ஸ்டார்ட் பண்ணி லேசா ஆக்ஸிலரேட்டர் குடுத்தேன், டேஷ்போர்டுக்குள்ள களக் களக்னு தண்ணி உருள்ற சத்தம். வண்டி நல்லா ஆறுற வரைக்கும் விட்டுட்டு ரேடியேட்டர் மூடியைத் தொறந்தா உள்ள கூலன்ட் கண்ணுக்கே தெரியல, ஒண்ணேகால் லிட்டர் ஊத்துன பெறகுதான் மேல வந்துச்சு. மூடியோட ரப்பர் வெடிச்சுப் போயிருந்துச்சு, அதனால ஆறும்போது பாட்டில்லருந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்குள்ள இழுக்க முடியல, பாட்டில் மட்டும் அப்படியே நெறைஞ்சு இருக்கு. லீக் எங்கன்னு தேடினா வாட்டர் பம்புக்கு அடியில ரோஸ் கலர்ல உப்பு பூத்த மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கு. இதனாலதான் பாட்டிலை மட்டும் பாத்துட்டு திருப்தி ஆகாதீங்கன்னு சொல்றேன், ரேடியேட்டர்ல தனியா மூடி இருந்தா அதையும் தொறந்து பாக்கணும், ஆனா எஞ்சின் முழுசா ஆறின பெறகு மட்டும்தான். சூடா இருக்கும்போது உள்ள பிரஷர் இருக்கும், அந்த பிரஷர்னாலதான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு, மூடியைத் திருகின அடுத்த நொடி அது கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். இப்படி வெந்துபோன கைகளை நான் நேர்ல பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க.

முள்ளு நடுவுல நிக்குதேன்னு நம்பறதும் ஆபத்துதான். கூலன்ட்ல முங்கியிருந்தாத்தான் சென்சார் சரியான சூட்டைக் காட்டும். லெவல் ரொம்ப எறங்கி சென்சாரைச் சுத்தி வெறும் காத்து நின்னுச்சுன்னா எஞ்சின் வெந்துகிட்டு இருக்கும்போதும் முள்ளு ஏறாம இருக்கலாம். அப்படி ஓடி எஞ்சினோட மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைஞ்சு, அதுக்கு அடியில இருக்கற சீலான ஹெட் கேஸ்கட் போய் வர்ற வண்டிங்க உண்டு, விசாரிச்சா ஹீட்டர் சூடாகாம ரெண்டு வாரம் ஆச்சும்பாங்க.

லெவல் சரியா இருக்குன்னா அடுத்து நான் பாக்கறது அந்த ரெண்டு ஹோஸ். எஞ்சின் நல்லா சூடான பெறகு, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வெச்சு, டெம்பரேச்சர் கன் அடிச்சுப் பாப்பேன். கன் இல்லைன்னா கையால லேசா தொட்டு எடுத்துடணும், புடிக்கக் கூடாது, ஃபேன் பக்கம் கை போகவே கூடாது, அது எஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் சில வண்டியில தானா சுத்தும். ரெண்டு ஹோஸும் நல்ல சூடுன்னா கூலன்ட் ஒழுங்கா ஓடுது, தப்பு பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள்ள இருக்கற பிளெண்ட் டோர்ல, அதாவது குளிர்காத்தையும் சூட்டுக்காத்தையும் பிரிச்சு விடற கதவுல. அதைத் திருப்பற ஆக்சுவேட்டர்ல பல்லு ஒடைஞ்சா டேஷ்போர்டுல டக் டக்னு சத்தம் கேக்கும். ஒரு ஹோஸ் சூடு, இன்னொண்ணு சில்லுன்னா கோர் அடைச்சிருக்கு, இல்ல ஹீட்டர் வால்வ் தொறக்கல. ரெண்டுமே வெதுவெதுன்னு இருந்து முள்ளும் வழக்கத்தை விடக் கீழயே நின்னா கூலன்ட் ரேடியேட்டருக்குப் போற வழியைத் தொறந்து மூடற தெர்மோஸ்டாட் தொறந்தபடியே மாட்டியிருக்கும். சுமார் 80லருந்து 95 டிகிரியில தொறக்க வேண்டியது எப்பவும் தொறந்தே கெடந்தா எஞ்சின் சரியா சூடேறாது, மைலேஜும் கொறையும்.

கோர் அடைச்சு வர்ற வண்டிங்கள்ல நெறைய, கூலன்ட்டுக்குப் பதிலா வருஷக்கணக்கா பைப் தண்ணி ஊத்தினது, இல்ல ரேடியேட்டர் லீக் நிக்கட்டும்னு லீக் ஸ்டாப் பவுடர் கொட்டினது. அந்தப் பவுடர் லீக்கை அடைக்கறதோட ஹீட்டர் கோரோட மெல்லிசான குழாயையும் சேத்து அடைச்சிடும். உங்க வண்டிக்கு கம்பெனி மேனுவல்ல என்ன கூலன்ட் சொல்லியிருக்கோ அதையே ஊத்துங்க, கான்சன்ட்ரேட்டா வாங்கினா டிஸ்டில்டு வாட்டரோட சரிபாதி கலந்தா சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. ஊத்தின பெறகு ஏர் எடுக்கணும், அதாவது உள்ள மாட்டின காத்தை வெளியேத்தணும், அதை விட்டுட்டா புது கூலன்ட் போட்டும் ஹீட்டர் சில்லுனுதான் வரும். கீழ சிந்தினதை ஒடனே கழுவுங்க, பல கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய், பூனை நக்கினா உயிருக்கே ஆபத்து.

வண்டிக்குள்ள இனிப்பு வாசனை, முன் கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி பனி, கால் மிதி கார்பெட் ஈரம், இதுல எது இருந்தாலும் ஹீட்டர் கோரே ஓட்டையா இருக்கலாம். வெளியில ஒரு சொட்டு லீக் இல்லாம கூலன்ட் கொறைஞ்சுகிட்டே போய், சைலன்சர்ல வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பெறகும் நிக்கலன்னா ஹெட் கேஸ்கட்டை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. எலக்ட்ரிக் கார்ல கதை வேற, அதுல எஞ்சின் சூடு கெடையாது, கரண்ட் ஹீட்டரோ ஹீட் பம்போதான், ஹை வோல்டேஜ் சமாச்சாரம், வீட்ல கை வைக்காதீங்க.

ஓட்டிக்கிட்டு இருக்கும்போது முள்ளு மேல ஏறுதா, ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா போட்டுப் பாருங்க. சூடா காத்து வந்தா எஞ்சின்லருந்து கொஞ்சம் சூடு வெளிய போகுது, நிறுத்த எடம் தேடற நேரம் கெடைக்கும். சில்லுனு வந்தா உள்ள கூலன்ட் ஓடலைன்னு எடுத்துக்கோங்க, இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிடலாம்னு பாக்காம ஓரமா நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க.