பத்திய படிக்காம என்னத்த அடிக்கிறது?

இந்த வாரமும் ஒண்ணு வந்துச்சு. நாலாங்கிளாஸ் புள்ள, வாசிப்புத் தேர்வு பேப்பர், ஒரு கேள்விக்கு நாலு விடை இருக்கு, நாலையும் ஸ்கேல் வெச்சு அழகா கோடு போட்டு அடிச்சு வெச்சிருக்கு. என்ன கண்ணு இதுன்னு கேட்டா, "தப்பா இருக்கறத எல்லாம் மொதல்ல அடிச்சிடணும்னு சொல்லிக்குடுத்தாங்க மிஸ்"னு சொல்லுது. சரி, மேல இருக்கற பத்திய படிச்சியான்னா, "டைம் இருந்தா படிச்சா போதும்னாங்க மிஸ்". யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல, கேட்டும் பிரயோஜனமில்ல. ட்யூஷனா இருக்கும், வீட்ல அண்ணனா இருக்கும், யூட்யூபா இருக்கும், சில சமயம் எங்க ஆளுங்களாவே இருக்கும்.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளில வேலை பாக்குறேன். இந்த நாலு விடைல ஒண்ண தேர்ந்தெடுக்கற பேப்பர் இப்ப சின்ன புள்ளைங்க வரைக்கும் வந்திருச்சு. 2021 நவம்பர்ல மத்திய அரசோட நாஸ் (தேசிய அடைவுத் தேர்வு), 2024 டிசம்பர்ல அதுக்கு பதிலா வந்த பரக், 2025 பிப்ரவரில நம்ம மாநிலத்தோட ஸ்லாஸ் (மாநில அடைவுத் தேர்வு), எல்லாத்துலயும் மூணாங்கிளாஸ் புள்ளைங்க உண்டு. உடனே எல்லாருக்கும் பதட்டம். இதெல்லாம் சர்வேங்க. உங்க புள்ளைக்கு பாஸு ஃபெயிலு போடறதுக்கு வெச்சதில்ல, எந்தப் பாடம் எங்க நிக்குதுன்னு அரசாங்கம் பாத்துக்கறதுக்கு வெச்சது. இதுக்குப் போயி எட்டு வயசு புள்ளைக்கு ஷார்ட்கட் சொல்லிக்குடுக்கறத என்னன்னு சொல்றது.

பேரண்ட்ஸ் பக்கம் இன்னொரு கணக்கு ஓடுது, அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். எட்டாவதுல என்எம்எம்எஸ்ங்கற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதி செலக்ட் ஆனா ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருசத்துக்கு 12,000 ரூபா வருது. அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டு புள்ள பாட்டிகிட்ட வளர்ற வீட்டுக்கு அது பெரிய காசு. அதனால "இப்ப இருந்தே ட்ரிக் எல்லாம் பழகட்டும் மிஸ்"னு வந்து நிக்கறாங்க. ட்ரிக் இருக்கட்டும், மொதல்ல அது எதுக்கு உள்ள ட்ரிக்குன்னு பாக்கலாம் வாங்க.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விசயத்த நேராவே சொல்லிடறேன். தப்பான விடைய ஒவ்வொண்ணா கழிச்சு விடறதுங்கறது படிக்கறதுக்கு பதிலா பண்ற வேலை இல்ல. திரும்பவும் சொல்றேன், படிக்கறதுக்கு பதிலா இல்ல. அது படிச்சதுக்கு அப்பறம், இந்த விடைய நான் ஏன் வேணாங்கறேன்னு பத்தில போயி தேடி ஒரு வரிய காட்டறது. காட்ட வரி இல்லாம அடிச்சா அதுக்குப் பேரு குருட்டாம்போக்கு. ஆனா வெளிய என்ன சொல்லிக்குடுக்கறாங்கன்னா, பத்தில வராத வார்த்தை இருக்கற விடைய அடி, சின்னதா இருக்கறத அடி, நீளமா இருக்கறத வெச்சுக்க, மேற்கண்ட அனைத்தும்னு இருந்தா கண்ண மூடிட்டு அதப்போடு, ஒண்ணுமே தெரியலன்னா 'இ' போடு. இதுல ஒண்ணாவது படிக்கறதோட சம்பந்தப்பட்டதா சொல்லுங்க.

"பத்தில வராத வார்த்தைய அடி"ங்கறதுதான் இருக்கறதுலயே மோசமானது. அது ஏன்னு ஒரு பத்திய வெச்சே காட்டறேன், நான் மூணாங்கிளாஸுக்கு எழுதினது.

"மாதேஷ் அதிகாலையில் எழுந்து அப்பாவுடன் தக்காளி மார்க்கெட்டுக்குப் போனான். அன்று தக்காளி விலை மிகவும் குறைந்திருந்தது. திரும்பி வரும் வழியில் அப்பா எதுவும் பேசவில்லை. எப்போதும் பேக்கரியில் பன் கேட்கும் மாதேஷ் அன்று கேட்கவில்லை."

கேள்வி: மாதேஷ் ஏன் பன் கேட்கவில்லை? அ) அவனுக்குப் பன் பிடிக்காது. ஆ) அப்பாவின் கவலை அவனுக்குப் புரிந்தது. இ) அவன் அதிகாலையில் மார்க்கெட்டுக்குப் போனான். ஈ) பன் உடம்புக்கு நல்லதில்லை.

நம்மூர் புள்ளைக்கு இந்தக் கதைய விளக்கவே வேணாம், பாதி பேரு வீட்ல நடக்கறதுதான். வாயால கதையா சொல்லிக் கேட்டா "அவங்கப்பா பாவம் மிஸ், காசு இல்ல"ன்னு டக்குன்னு சொல்லிரும். அதே புள்ளை பேப்பர்ல என்ன பண்ணுது? 'கவலை'ங்கற வார்த்தை பத்தில எங்கயும் இல்ல, அதனால சரியான விடையத்தான் மொதல்ல அடிக்குது! அப்பறம் அதிகாலை, மார்க்கெட், போனான், எல்லாம் மேல அப்படியே இருக்கேன்னு 'இ'ய போடுது. புள்ளைக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்ச பதில நம்ம ட்ரிக் அடிச்சு விட்டுருச்சு. இத புரிஞ்சிக்காத ஆளுங்க வந்து "உங்க ஸ்கூல் பசங்களுக்கு வாசிப்புத் திறன் கம்மி"ன்னு ரிப்போர்ட் எழுதறப்பதான் எனக்கு வயிறெரியும்.

இந்த நாலு விடையும் சும்மா வாய்க்கு வந்தது இல்லைங்க. 'இ'ல இருக்கறது உண்மைதான், பத்திலயே இருக்கு, ஆனா கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. 'ஈ' பொதுவா எல்லாரும் ஒத்துக்கறது, நம்ம பாட்டி கூட சொல்லும், ஆனா பத்தி அதப் பத்தி பேசவே இல்ல. 'அ' பத்திக்கு நேர் எதிரா இருக்கு, எப்போதும் கேக்கற பையனுக்கு எப்படி பிடிக்காம போகும்? கேள்வித்தாள் எடுக்கறவங்க இந்த மாதிரி தப்பு விடைய டிஸ்ட்ராக்டர்னு சொல்லுவாங்க, ஒவ்வொண்ணும் புள்ளை எந்த எடத்துல சறுக்கும்னு யோசிச்சு வெக்கறது. அதனால புள்ளை எதப் போட்டுச்சுன்னு பாத்தாலே அது எங்க நிக்குதுன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சிரணும். மார்க்க மட்டும் கூட்டிப் போட்டுட்டு பேப்பர கட்டி வெக்கறவங்களுக்கு இது கடைசி வரைக்கும் தெரியப் போறதில்ல.

தப்பு கேள்வித்தாள் பக்கமும் இருக்கு. அமெரிக்காவுல ஜேனிஸ் கீனனும் இன்னொருத்தரும் 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அங்க ரொம்ப காலமா புழக்கத்துல இருக்கற ஒரு வாசிப்பு டெஸ்ட்டுல, பத்திய குடுக்காமலே வெறும் கேள்வியையும் விடையையும் குடுத்துப் பாத்திருக்காங்க. குருட்டாம்போக்குல வரவேண்டியத விட நல்லாவே ஜாஸ்தியா சரி வந்திருக்கு. அப்ப அந்தக் கேள்விங்க வாசிப்ப எங்க அளந்துச்சு, புள்ளைக்கு ஏற்கனவே தெரிஞ்சதத்தான அளந்துச்சு. டீச்சருங்க யாராவது இத படிச்சா உங்க கேள்வித்தாளையும் இப்படி ஒருதரம் பாத்திருங்க, பத்திய மறைச்சிட்டு நல்லா பேசற நாலஞ்சு புள்ளைங்கள கேளுங்க. "பசு நமக்கு எதத் தருகிறது"ன்னு ஒரு கேள்வி, அதுக்கு மேல பத்து வரி பத்தி, அந்தப் பத்திய எவன் படிப்பான்? தூக்கிப் போடுங்க அந்தக் கேள்விய.

சரி எப்படித்தான் சொல்லிக்குடுக்கறதுன்னு கேப்பீங்க. மொதல்ல புள்ளைக்கு எழுத்துக் கூட்டாம படிக்க வரணும். 2022-ல அரசு எண்ணும் எழுத்தும் திட்டம் ஆரம்பிச்சப்ப புள்ளைங்கள அது நிக்கற நிலைய வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சாங்கல்ல, அதுல ஆரம்ப நிலையான அரும்புல இருக்கற புள்ளைகிட்ட போயி விடைய கழிச்சு விடுன்னு சொல்றது அநியாயம். ஒவ்வொரு எழுத்தா தடவிப் படிக்கற புள்ளைக்கு வரி முடியறப்ப ஆரம்பம் மறந்திருக்கும், அதுல நாலு விடைய வேற ஞாபகத்துல வெக்கணுமா? இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன், நம்ம தமிழ்ல இல்லைங்கறது வினையோட வால்லதான் வருது. 'பேசவில்லை', 'கேட்கவில்லை'ன்னு இருக்கறத 'பேச', 'கேட்க' வரைக்கும் படிச்சிட்டு அடுத்த வரிக்குத் தாவிருதுங்க, அர்த்தம் அப்படியே தலைகீழா மாறிருது. தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளி பக்கம் வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசற புள்ளைங்க தமிழ் மீடியத்துல படிச்சா இது இன்னும் கஷ்டம், அதுங்களுக்கு பத்திய மொதல்ல வாய்விட்டுப் பேசிட்டு அப்பறம்தான் பேப்பர் குடுக்கணும்.

படிக்க வந்திருச்சா, அப்ப விடைங்கள ஒரு அட்டையால மூடிருங்க. பத்திய படி, கேள்விய படி, உன் வாயால பதில் சொல்லு. தப்பா சொன்னாலும் பரவால்ல, ஏதோ ஒண்ண சொல்லணும். அப்பறம் அட்டைய எடுங்க. ஒவ்வொரு விடைக்கும் "இத அந்தப் பத்தில எங்க சொல்லுது, வெரல் வெச்சுக் காட்டு"ன்னு கேளுங்க. அப்படி இல்லன்னு பத்தியே சொன்னா மட்டும் குறுக்குக் கோடு, பத்தி அதப் பத்தி பேசவே இல்லன்னா ஒரு கேள்விக்குறி, உண்மைதான் ஆனா இதுக்கு பதில் இல்லன்னா ஒரு சுழி. கோடு போட்டா காரணம் சொல்லணும், சொல்ல முடியலன்னா கோட்ட ரப்பர் வெச்சு அழிச்சிரணும், இதுதான் எங்க கிளாஸ்ல ரூல். சாவகாசமா நடக்கும், ஒரு பீரியடுக்கு ரெண்டு மூணு கேள்வி முடிஞ்சாலே ஜாஸ்தி, ஹெச்எம் வந்து போர்ஷன் என்னாச்சுன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

ஒண்ணு ரெண்டு கிளாஸுக்கு நாலு விடையே வேணாங்க, ரெண்டு போதும், அதுவும் வாயால. கதை சொல்லிட்டு "நரி பயந்துச்சா, கோவப்பட்டுச்சா, எப்படி தெரியும்?" அவ்வளவுதான். அந்த "எப்படி தெரியும்" வந்திருச்சுன்னா மூணு விடை, நாலு விடைக்குப் போறதெல்லாம் தானா வந்திரும்.

"பொருந்தாதது எது", "தவறானது எது"ன்னு வர்ற கேள்விய தனியா எடுத்துப் பழக்குங்க. அங்க பத்தியோட ஒத்து வர்றதெல்லாம் கழியணும், ஒத்து வராததுதான் விடை. தப்ப அடின்னு பழகின கை விடையையே அடிச்சிட்டு போயிரும், அப்படி எத்தன பேப்பர் பாத்தாச்சு. அந்த ஒரு வார்த்தைய வட்டம் போட வெச்சா பாதி தப்பு கொறையும். கழிச்ச கோடெல்லாம் கேள்வித்தாள்ல மட்டும்தான், விடைக்கு வட்டத்த நிரப்பற ஓஎம்ஆர் ஷீட்ல பேனா வெச்சு கிறுக்கினா அழிக்க முடியாது, இத ஏழாவது எட்டாவது புள்ளைங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கு.

என்எம்எம்எஸ் எழுதற புள்ளைங்களுக்கு வேற பேச்சு. அங்க மனத்திறன்ல 90, பாடத்துல 90 கேள்வி, நெகட்டிவ் மார்க் கெடையாது. அதனால காரணத்தோட ரெண்ட கழிச்சிட்டு மிச்சம் ரெண்டுல ஒண்ண யோசிச்சுப் போட்டா நாலுல ஒண்ணா இருந்த வாய்ப்பு ரெண்டுல ஒண்ணா ஆகுது, ஒரு கேள்வியும் காலியா விடாதீங்கன்னு நானே சொல்லுவேன். பதிமூணு வயசுல அது புத்திசாலித்தனம். எட்டு வயசுல அதையே சொல்லிக்குடுத்தா புள்ளை படிக்கறத விட்டுட்டு வாய்ப்பு மட்டும் பாக்கும்.

பேரண்ட்ஸ் நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க, கைகூப்பி கேக்குறேன். ட்யூஷன்ல இருந்து வந்ததும் எத்தன மார்க்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பத்தில என்ன கதை வந்துச்சுன்னு கேளுங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியணும்னு அவசியமே இல்ல, கேட்டா போதும். பெங்களூர்ல இருக்கறவங்க ஃபோன்ல கேளுங்க. புள்ளை கதைய சொல்லிச்சுன்னா சரி. மார்க் வாங்கியிருக்கு ஆனா கதை தெரியலன்னா அந்த ட்யூஷன் காச மிச்சம் பண்ணிட்டு ஸ்கூல்ல இருக்கற லைப்ரரி புக்க வீட்டுக்குக் கேட்டு வாங்குங்க. கிழிஞ்சிரும்னு குடுக்க மாட்டேன்னு யாராவது சொன்னா, கிழியட்டும் மிஸ், பரவால்ல குடுங்கன்னு சண்டை போட்டாவது வாங்கிட்டுப் போங்க.