மிடில் பேங்க் கடற்புல்: வெறும் கட்டத்துக்கும் கணக்கு உண்டு

மலேசியாவின் பினாங்குப் பாலத்துக்கு அருகே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், கடல் நன்றாக வற்றினால் மட்டும் வெளியே தெரியும் திட்டு மிடில் பேங்க். அங்கே கடற்புல் வளர்கிறது. மீன்பிடிப்பு, கப்பல் வழி, கடல் தூர்ப்பு எல்லாவற்றையும் ஒரே நீர்ப்பரப்பின் விவகாரமாக நிர்வகிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, புல் கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான். பதில் சொல்லும் கணக்கைத் தன்னார்வலர்களும் எடுக்கலாம். முறை மட்டும் பிசகக் கூடாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் வற்றும். ஓத அட்டவணையைப் பார்த்து, கடைமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் ஏறத் தொடங்கினால் படகுக்குத் திரும்பிவிட வேண்டும். 50 மீட்டர் அளவுநாடா மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் இணையாக விரியுங்கள். தொடக்கத்திலிருந்து 5 மீட்டருக்கு ஒருமுறை, 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வையுங்கள். சட்டம் விழும் இடம் ஒரு கட்டம்: நாடாவுக்கு 11, மொத்தம் 33. கை வைக்கும் முன் நேர் மேலிருந்து படம் எடுங்கள். உங்கள் நிழலும் நீரின் பளபளப்பும் விழக் கூடாது. பிறகு புல் மூடியிருக்கும் சதவீதம், இனம், இலை நீளம், சேறா மணலா என்பதை எழுதுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். புல் செழித்த பக்கமாகச் சட்டத்தை நகர்த்துவார்கள். அது விழ வேண்டிய இடத்தில்தான் விழ வேண்டும். புல்லே இல்லாவிட்டால் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால், பிறகு படிப்பவருக்கு அது பார்க்காத கட்டம். கடற்பாசியைப் புல்லோடு சேர்க்காதீர்கள். புல்லுக்கு மண்ணுக்குள் ஓடும் தண்டும் வேரும் உண்டு, பாசிக்குக் கிடையாது. இரண்டு பேர் மதிப்பிடுவதானால், முதலில் ஒரே ஐந்து கட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். விரல் நக அளவு முட்டை வடிவ இலை கொண்டது ஹாலோஃபிலா ஓவாலிஸ். நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் சில வாரங்களில் மடியும். தெளிந்தால் சீக்கிரம் திரும்பும். நாடா போல நீண்ட இலையும், கறுப்பு நார் மூடிய தடித்த தண்டும் கொண்டது என்ஹாலஸ் அகோராய்டஸ். தண்டில் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு அது பல மாதம் தாக்குப்பிடிக்கும். போய்விட்டால் மீள ஆண்டுகள் ஆகும். மொத்தம் மாறாமல் இருக்கும்போதே முதல் இனம் காணாமல் போயிருக்கலாம். சேறு படிகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி.

அடுத்த முறையும் அதே இடத்தில் அளக்க, நாடா தொடங்கும் இடத்தில் குழாய் ஒன்றை ஆழமாக ஊன்றுங்கள். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். திட்டுத்திட்டாக வளரும் புல்லில் அந்த விலகலே போலியான ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிடும்.