தவில் அடிக்கும்போது மட்டும் சத்தம் ஏன் கிழிகிறது?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபம், தைப்பூசக் காவடி நாள் என்று வைத்துக்கொள்வோம். உபுண்டு இயங்குதளம் ஓடும் பழைய மடிக்கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போகிறது. (உபுண்டு என்ற பெயரே இந்த மண்ணின் சொல், 2004 அக்டோபரில் அதன் முதல் பதிப்பை வெளிக்கொண்டுவந்த மார்க் ஷட்டில்வொர்த்தும் தென்னாப்பிரிக்கர்தான்.) நாதஸ்வரம் நன்றாகக் கேட்கிறது. தவில் விழும் இடத்தில் மட்டும் சத்தம் கிழிகிறது. ஆம்ப்ளிஃபயரைக் குறைத்தால் கிழிசலும் சேர்ந்து மெலிகிறதே ஒழிய, போகவில்லை. அப்படியானால் கோளாறு ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே இருக்கிறது.

16 பிட் ஒலியில் ஒவ்வொரு மாதிரியும் (ஒரு கணத்தில் அலையின் உயரம்) -32,768 முதல் 32,767 வரையுள்ள ஓர் எண். அந்த உச்சிக்குப் பெயர் 0 டெசிபெல். அதற்கு மேல் எழுத எண் கிடையாது. அலையை மேலும் பெருக்கினால் அதன் முகடு சீவியதுபோல் தட்டையாகிவிடும். தட்டையான முகடு, பாட்டில் இல்லாத மேல் அதிர்வெண்களைக் கூட்டுகிறது. காதில் விழும் கரகரப்பு அதுதான். தவில் அடி கண நேரத்தில் உச்சிக்குப் பாய்வதால் முதல் வெட்டு அதற்கு விழுகிறது. மென்மையான இடத்திலும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் அது வேறு நோய்: ஒலித்தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை.

பெரும்பாலும் குற்றவாளி 100-ஐத் தாண்டி வைத்த ஏதோ ஒரு குமிழ். உபுண்டுவில் ஒலியைக் கையாளும் மென்பொருள்களான பல்ஸ்ஆடியோவும் பைப்வயரும் சதவீதத்தின் மும்மடியைக் கொண்டு அலையைப் பெருக்குகின்றன. 50 என்றால் எட்டில் ஒரு பங்கு. 150 என்றால் ஒன்றரை மடங்கு அல்ல, 3.375 மடங்கு, ஏறக்குறைய 10.6 டெசிபெல் கூடுதல்.

மெயின் வால்யூமைக் குறைத்தாலும் பலன் இல்லாததற்குக் காரணம் உண்டு. பைப்வயர் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில், அதாவது உச்சிக்கு மேற்பட்ட அளவையும் எழுதக்கூடிய எண்களில், கணக்குப் போடுகிறது. அங்கே எல்லை மீறினாலும் இழப்பில்லை. சவுண்ட் கார்டுக்கு முழு எண்ணாக மாற்றும்போது வெட்டு விழுகிறது. பல மடிக்கணினிகளில் மெயின் வால்யூம் கார்டுக்குள்ளேயே, அதாவது வெட்டு விழுந்த பிறகுதான் வேலை செய்கிறது. போன முகடு அங்கே எப்படித் திரும்பும்?

ஆகவே பாட்டு புறப்படும் இடத்திலிருந்து சரிபாருங்கள். பிளேயரின் வால்யூமை 100-க்குக் கொண்டுவாருங்கள். விஎல்சியின் குமிழ் 125 வரை போகும். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபெல் ஏற்றியிருந்தால், மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் ப்ரீஆம்பை அதே 6 இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு செயலியின் வால்யூமையும் தனியாகக் காட்டும் பாவுகண்ட்ரோலைத் (pavucontrol) திறந்து, பாடிக்கொண்டிருக்கும் செயலிக்கும் வெளியீட்டுக் கருவிக்கும் தனித்தனியாக 100-ஐத் தாண்டாமல் வையுங்கள். செயலியின் அளவைப் பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ நினைவில் வைத்திருக்கும். போன வருடம் யாரோ ஏற்றிவிட்ட 150 இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

இன்னும் கிழிந்தால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer), சவுண்ட் கார்டின் குமிழ்களைக் காட்டும் நிரல். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஒரு பொதுக் குமிழ்தான் தெரியும். பட்டையின் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலே காட்டும் டெசிபெல் எண்தான் கணக்கு. அது 0-ஐத் தாண்டும் குமிழை 0-க்கு இறக்குங்கள்.

கணினியில் எல்லாம் சரி, ஆனாலும் கிழிகிறதா? ஆம்ப்ளிஃபயரில் வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். மைக் துளை சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. ஹெட்போன் வெளியீடு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் தள்ளும். லைன் அல்லது ஆக்ஸ் துளைக்கு மாற்றி, சத்தம் போதாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.