‘எஸ்டாப்ளிஷ்மெண்ட்’: நிறுவனம் அல்ல, அரசுமதமாக்கல்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனை பற்றிய வழக்கு வரும்போதெல்லாம், அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தத்தைத் தமிழில் இப்படி எழுதிவிடுகிறார்கள்: “மத நிறுவனத்தை மதிக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது” (காங்கிரஸ் என்பது அந்நாட்டு நாடாளுமன்றம்). ஒரே வரியில் இரண்டு பிழை. மூலத்தில் வரும் ‘ரெஸ்பெக்டிங்’ மதிப்பதைச் சொல்லவில்லை. ‘குறித்து’ என்பதே அங்கே பொருள். ‘எஸ்டாப்ளிஷ்மெண்ட்’ நிறுவனமும் அல்ல.

‘நிலையான’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஸ்டாபிலிஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு திருச்சபையை அரசு தன் சபையாக ஏற்று நிலைநிறுத்துவதே சட்டத்தில் இதன் பொருள். இங்கிலாந்துத் திருச்சபை அப்படிப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த 1791இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அந்த ஏற்பாடு இருந்தது, 1833இல்தான் ஒழிந்தது.

‘நிறுவு’ என்ற வினை நல்ல வினைதான். ஆனால் நிறுவல் என்பது செயல், நிறுவனம் என்பது அமைப்பு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் 1962இன் எங்கல் எதிர் விட்டேல் தீர்ப்பே புரியாது. அந்த வழக்கில் எந்த மத நிறுவனமும் இல்லை. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் தானே எழுதி, அரசுப் பள்ளிகளில் சொல்லத் தந்த 22 சொல் பிரார்த்தனைதான் இருந்தது, எந்தப் பிரிவின் பெயரும் அதில் கிடையாது. வேண்டாத மாணவர் பேசாமல் இருக்கலாம், வெளியே போகலாம். அப்படியிருந்தும் அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அரசு பிரார்த்தனை எழுதித் தந்ததுதான் குற்றம்.

சிலர் ‘மதத் திணிப்பு’ என்கிறார்கள். கேட்க வேகமாக இருக்கிறது, ஆனால் அதுவும் தவறு. நேரடிக் கட்டாயம் இருந்ததாக நிறுவ வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ‘சமய நிறுவல்’ இன்னும் குழப்பும். ஒருவர் புதுச் சமயம் தொடங்கினாலும் அது சமய நிறுவல்தானே? யார் செய்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அதனால்தான் ‘அரசுமதமாக்கல்’. ‘மதம்’ வடசொல் என்று ஒதுக்குவோர் ‘சமயம்’ எழுதட்டும், அதுவும் வடசொல்தான். தூய்மைக்காக ‘நெறி’ என்றால் பொருள் ஒழுக்கத்துக்கு ஓடிவிடும்.

காலையில் ஒரு பிரார்த்தனை சொன்னால் அது அரசுமதம் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. அங்கேதான் ‘குறித்து’ வேலை செய்கிறது: அரசுமதமாக்குவது மட்டுமல்ல, அந்தத் திசையில் எடுத்து வைக்கும் அடியும் விலக்கப்பட்டது. “அரசுமதமாக்கல் குறித்தோ, மதத்தைத் தடையின்றிக் கடைப்பிடிப்பதைத் தடுத்தோ காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது” என்று எழுதினால் வழக்கின் இரு பக்கமும் தெரியும்.

இதை விட்டுவிட்டு ‘பள்ளியில் பிரார்த்தனைக்குத் தடை’ என்று தலைப்பு போடுகிறார்கள். தேர்வுக்கு முன் ஒரு மாணவி கண்மூடித் தனக்குள் வேண்டிக்கொள்வதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்ட பிரெமர்ட்டன் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் 6–3 என்ற பெரும்பான்மையில் சாதகமாகவே தீர்ப்பு வந்தது, அவர் தன் மதத்தைக் கடைப்பிடிக்கிறார் என்ற அடிப்படையில்.